கோட்டுக்குப் பின் ஒன்றுமில்லை

பர்கூர் தாண்டி, சர்வீஸ் ரோட்டில்
புழுதி வெள்ளையாக இருந்தால்
எங்கள் பாலீஷ் கம்பெனி வந்துவிட்டது என்று பொருள்.
ரப்பர் ஷீட்டில் எழுத்து வெட்டுவது என் வேலை.
வெட்டிய பள்ளத்தில் மணல் பாய்ச்சுவான் திம்மராயன்.
எந்த மொழியும் எங்களுக்குத் தெரியவேண்டியதில்லை,
கோணாமல் இருந்தால் போதும்.
போலந்தில் செத்த பல் டாக்டருக்குச் செய்திருக்கிறோம்,
ஜப்பானில் ஒரு குடும்பம் முழுமைக்கும்,
ஒருமுறை ஒரு நாய்க்கும்.

ஆடியில் வந்தது இந்த ஆர்டர்.
ஏழடிக் கருங்கல்.
ஆப்பிரிக்காவின் ஏதோ துறைமுகம் வரை
உடையாமல் போகவேண்டும்.
எசயா கலொண்டே என்று பெயர்,
கீழே பதினொரு வரி.

டீ நேரத்தில் போனைத் திரைக்கு நேரே பிடித்தேன்.
அது தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னது:
செம்புச் சுரங்கத்தில் எடை எழுத்தர்.
எடையைச் சரியாக எழுதிய காரணத்தால் நீக்கம்.
பிறகு ஊர்வலம், பிறகு சிறை, பிறகு
'அவர் நாட்டை இலவசமாக்கினார்.'

பேக்கிங் கெம்பம்மாவுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது.
"நாட்டையேவா?
கார்டுக்கு ஒண்ணா, ஆளுக்கு ஒண்ணா?"
மிக்சி வாங்கக் கால்கடுக்க நின்றது,
கொடுத்த ஆடு மூன்றாம் நாளே செத்தது,
எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

திம்மராயன் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினான்.
"அதுக்கு மேல் வரியைப் படி."
ஒன்பது வருடம், இரண்டு சிறைகள்.
"அதுக்கும் மேலே."
மகள் பிறந்தாள். பார்க்க அனுமதி இல்லை.
"இலவசமாம்" என்று சொல்லி
டம்ளரைக் கழுவப் போய்விட்டான்.

நூற்றுப் பன்னிரண்டு நாள் பிரதமர்.
கே.ஆர்.பி. அணைத் தண்ணீரில்
ஒரு போகம் நெல்லுக்குச் சரியான கணக்கு.
அறுக்கும் பதத்தில் ஆள் வந்திருக்கிறார்கள்,
ராத்திரியில், ஜீப்பில்.

அன்று எனக்குத் தூக்கம் வராததற்கு
அந்த ஜீப் காரணமில்லை.
ஜெகதேவிப் பக்கம் ஒரு குவாரியில்
இரண்டு வருடம் நானும் எடைச் சீட்டு எழுதினேன்.
முப்பத்தெட்டு டன் ஏறி நிற்கும்,
இருபத்தாறு என்று எழுதுவேன்.
கை நடுங்கியது முதல் நாள் மட்டும்தான்.
தீபாவளிக்குப் புடவை கொடுத்தார்கள்,
மாம்பழ நிறம். இன்னும் கிழியவில்லை.

கடைசி வரியில் பிறந்த வருடம்,
ஒரு கோடு,
கோட்டுக்குப் பின் ஒன்றுமில்லை.
விட்டுப்போயிற்றோ என்று மேனேஜர் போன் போட்டார்.
எடுத்தது அந்த மகள்.
உடல் கிடைக்கவில்லை,
தேதியை இன்றுவரை யாரும் சொல்லவில்லை,
அந்த இடத்தில் மட்டும் மெருகு வேண்டாம்,
கல் கல்லாகவே இருக்கட்டும் என்றாராம்.

மெஷினுக்கு இடம் விடத் தெரியாது.
மறுநாள் முழுக்கல்லும் கண்ணாடியாகி வந்தது.
தேதி இருக்கவேண்டிய இடத்தில் என் முகம்,
பின்னால் சுற்றும் மின்விசிறி.
மேனேஜர் கத்தினார்.
திம்மராயன் அவன் அப்பனின் பல்லுளியைக் கொண்டுவந்து
சம்மணமிட்டு உட்கார்ந்தான்.
ஒன்றரை நாள்.
உள்ளங்கை அகலத்துக்கு
கறுப்பு செத்துச் சாம்பல் எழுந்தது.
தொட்டுப் பார்த்தேன், கை சிராய்த்தது.
"போதும்" என்றேன்.
"இன்னும் கொஞ்சம் பளபளக்குது" என்றான்.

வைக்கோல் திணித்துப் பெட்டி அடித்தோம்.
எடைமேடை ஆள் சாப்பிடப் போயிருந்தான்.
பழைய ஆள்தானே, நீயே போடு என்றார்கள்.
தொள்ளாயிரத்து நாற்பது.
"ஆயிரமா ரவுண்டு பண்ணிடு" என்றார் லாரிக்காரர்.
தொள்ளாயிரத்து நாற்பது என்றே எழுதினேன்,
எண்ணாலும் எழுத்தாலும்.

அந்த இடத்திலிருந்து கொத்தி எடுத்தது
ஒரு கைப்பிடித் தூள்.
அதற்கு எடை போட்டுப் பார்க்க முடியாது.
பத்துக் கிலோவுக்குக் கீழே
அந்த மேடை எதையும் காட்டாது.